மும்பை மாட்டுங்காவில் ஒரு நம்பகமான ஏசி சர்வீஸ்
போன வருஷம் வந்த ஆள் மூடியைக்கூடக் கழற்றாமல் "கேஸ் குறைஞ்சிடுச்சு" என்று 2,500 ரூபாய் வாங்கிப் போனார். கசிவு இல்லாமல் கேஸ் எப்படிக் குறையும்? அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்த முறை மாட்டுங்கா மார்க்கெட் பக்கத்துச் சின்னக் கடை. வந்தது தாராவித் தமிழ்ப் பையன். ஏசிக்கு அடியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, பம்ப் வைத்து உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலைக் (coil) கழுவினான். பக்கெட்டில் இறங்கிய தண்ணீர் அசல் டிகாக்‌ஷன் நிறம்! வடிகால் குழாயில் அடைத்திருந்த பாசியை ஊதித் தள்ளியதும் சுவரில் ஒழுகுவது நின்றது.

"மார்ச்ல ஒண்ணு, மழை முடிஞ்சு அக்டோபர்ல ஒண்ணு போதும்க்கா. ஃபில்டரை மட்டும் 15 நாளைக்கு ஒரு தடவை நீங்களே கழுவிடுங்க" என்றான். கடல் காற்று அரிக்கும் வெளி யூனிட்டையும் சேர்த்து 700 ரூபாய். ஒரே குறை, பத்து மணி என்றால் பன்னிரண்டுக்குத்தான் வருவார்கள்.