தவழும் அறைக்கு எந்தத் தரை? சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு வேறொன்று

மகள் குப்புற விழ ஆரம்பித்த மாதம் அது. சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் அவளுக்கென்று ஒதுக்கிய பத்துக்குப் பத்து அறையில் பழைய மொசைக் பெயர்ந்து கிடந்தது. அதே நேரம் ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மச்சானும் தன் பையனுக்காகத் தரையை மாற்றக் கிளம்பினான். ரெண்டு பேரும் ஒரே கடையில் ஒரே சரக்கை எடுத்தால் விலையைக் குறைத்துப் பேசலாம் என்று திட்டம். கடைசியில் டைல்ஸ் மட்டும்தான் ஒன்றாக எடுத்தோம். அதன் மேல் விரித்தது வேறு வேறு.

முதலில் டைல்ஸ். கடைக்காரர் காட்டியதெல்லாம் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. எங்கள் ஹாலில் ஏற்கெனவே அதுதான் இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்கி வந்தபோது அதில்தான் என் மனைவி சறுக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தாள். தவழும் குழந்தை தரையிலிருந்து விழ இடமே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்தான் விழுவார். அதனால் தரையை முதலில் நம் ஈரக்காலுக்குப் பார்க்க வேண்டும். சாம்பிள் துண்டில் தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பளபளப்பில்லாத மேட் பினிஷ் விட்ரிஃபைட் டைல்ஸ், அதாவது அதிக சூட்டில் கண்ணாடிபோல இறுகச் சுட்டது, இதில் தேறியது. விட்ரிஃபைட் நீரை அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். குழந்தை ஒன்னுக்குப் போனால் துடைத்தால் போதும், வாடை தங்காது. நிறத்தில் வெளிர் சாம்பலோ சந்தனமோ எடுங்கள். கறுப்பாக எடுத்தால் எறும்பு தெரியாது, எங்கள் போர் தண்ணீரின் உப்பு மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் என்றால் நூறு சதுர அடிக்கு 25 கல். வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 28, பெட்டிக்கு நாலு கல் வீதம் ஏழு பெட்டி. சின்ன டைல்ஸ் போட்டால் இடுக்கு அதிகம். அந்த இடுக்கில் வெள்ளை சிமென்ட் பூசினால் நாளடைவில் உதிரும். உதிர்ந்தது எங்கே போகும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். இடுக்குக்கு எபாக்சி என்ற பிசின் கலவையைக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குங்க, வேலை இழுக்கும்" என்பார் மேஸ்திரி. இழுக்கட்டும்.

அம்மாப்பேட்டையில் மாமியார் வீட்டில் ரெட் ஆக்சைடு தரை. என் கண்ணுக்கு இதைவிட நல்ல தரை கிடையாது. சிமென்ட்டோடு காவித்தூள் கலந்து இழைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துப் பழகியது. இடுக்கே இல்லை, வெயில் காலத்தில் குளுகுளு என்றிருக்கும். அதையே போடலாம் என்றுதான் ஆசைப்பட்டேன். ஆனால் ஒரே மூச்சில் இழைத்து முடிக்கத் தெரிந்த கை இப்போது அரிது, தண்ணீர் கட்டி ஆற வைக்க நாள் வேண்டும், தப்பாகப் போட்டால் விரிசல் விடும். ஏற்கெனவே இருப்பவர்கள் தயவுசெய்து உடைக்காதீர்கள். புதிதாகப் போட நான் சொல்ல மாட்டேன்.

மார்பிள் வேண்டாம், எலுமிச்சைச் சாறு பட்டாலே அரித்துவிடும். கிரானைட் நல்லதுதான், பளபளப்புதான் பிரச்சினை.

லேமினேட் மரத்தரை படத்தில் அழகு. உள்ளே இருப்பது மரத்தூளைப் பிசின் வைத்து அழுத்திய பலகை. வெள்ளிக்கிழமை தோறும் வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் வீட்டில் அது ஓரம் ஓரமாக உப்பிவிடும். பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து ஒட்டுவது மலிவு, ஆனால் கீழே ஈரம் ஏறும் தரையில் அது மூடி போட்டதுபோல. அடியில் பூஞ்சை பிடிப்பது மேலே தெரியாது. ஏற்காட்டு வீட்டில் மச்சான் இந்த ரெண்டையும் கேட்ட உடனே கைவிட்டான்.

டைல்ஸ் மேல் என்ன விரிப்பது என்பதில்தான் எங்கள் வழி பிரிந்தது.

நான் பவானி ஜமக்காளம் வாங்கினேன். முரட்டுப் பருத்தி, கைத்தறி நெசவு, புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. குழந்தையின் முட்டிக்குப் பிடிமானம் கிடைக்கிறது, வழுக்கவில்லை, கக்கினால் துவைத்துக் காயப்போடலாம். வாங்கும்போது ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள், பிள்ளை அதைச் சப்பத்தான் போகிறது. சேலத்து வெயிலுக்குக் காலையில் துவைத்தது மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும்.

1,500 மீட்டர் உயரத்தில் அது நடக்காது. ஏற்காட்டில் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் ஜமக்காளம் மூன்று நாளானாலும் நசநசவென்றே இருக்கும். டைல்ஸோ சில்லிட்டுப் போகும். அறையில் இருக்கும் மரமும் டைல்ஸும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. டைல்ஸ் உடம்புச் சூட்டைச் சீக்கிரம் உறிஞ்சுவதால்தான் நமக்குக் குளிர்கிறது. அங்கே சூட்டைக் கடத்தாத ஒன்று வேண்டும். மச்சான் கனமான ஃபோம் மேட் வாங்கினான், துடைத்தால் காய்ந்துவிடும்.

இதிலும் பார்க்க வேண்டியது உண்டு. ஃபார்மமைடு என்ற வேதிப்பொருள் இருப்பதால் துண்டு துண்டாகக் கோத்து விரிக்கும் சிலவகைப் புதிர் ஃபோம் மேட்டுகளை பெல்ஜியம் 2010இல் தடை செய்தது. நெடி அடிக்கும் மேட்டை வாங்காதீர்கள். வாங்கியதையும் பிரித்து ஒரு வாரம் காற்றாடப் போட்டுவிட்டு விரியுங்கள். எழுத்துகள் தனித்தனியாகக் கழன்று வரும் மேட் கூடவே கூடாது, தொண்டையில் சிக்கும். ஏற்காட்டில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது: தினமும் சாயங்காலம் மேட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் வேர்த்துக் கறுப்புப் புள்ளி விழும். இரண்டு நாள் மறந்த மச்சான் மூன்றாம் நாள் சோப்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தான்.

இங்கே எங்கள் ஜமக்காளம் ஆறுக்கு ஆறடி. அறை நடுவில் விரித்தால் நாலு பக்கமும் ரெண்டடி வெறும் தரை மிச்சம். சித்திரை வெயிலில் மகள் விரிப்பை விட்டு அந்த ஓரத்துக்கு நகர்ந்து போய், வயிறு டைல்ஸில் பட அப்படியே தூங்கிவிடுகிறாள். முழு அறைக்கும் விரிக்கலாம் என்று அளவெடுத்து வைத்திருந்த பெரிய ஜமக்காளத்தை இன்னும் வாங்கவில்லை.