எஞ்சின் மாற்றிய காரில் மைலேஜ் விழுந்தால்: ஸ்கேனரா, பிளக்கா, பாகம் மாற்றுவதா?

என்னுடையது 1998 மாருதி 800. காற்றையும் பெட்ரோலையும் பழைய முறையில் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர் வண்டி. ஆயில் குடிக்க ஆரம்பித்ததும், சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆல்டோவின் 796 சிசி எம்பிஎஃப்ஐ எஞ்சின் (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் வகை) ஒன்றை, அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு, வயரிங் எல்லாம் சேர்த்து வாங்கி ஏற்றினோம். கியர் பெட்டி பழையதே, 4 கியர். ஆல்டோ சக்கரம் நான்கும் அதே பேரத்தில் வந்தன. சத்தம் குறைந்தது, இழுவை கூடியது, ஓட்டவே ஆசையாக இருந்தது. பெட்ரோலைத்தான் தண்ணீர் மாதிரி குடித்தது. கார்பரேட்டரில் லிட்டருக்கு 15, 16 கி.மீ. கொடுத்த வண்டி 11 கொடுத்தது.

சேலத்தில் இதை யாரிடம் சொன்னாலும் மூன்றில் ஒரு பதில் வரும். "ஸ்கேனர் போட்டுப் பாருங்க." "பிளக்கைக் கழற்றினா தெரிஞ்சிடும்." "இன்ஜெக்டரையும் பம்பையும் மாத்திடுங்க, பழைய எஞ்சின்தானே." மூன்று வழியிலும் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். எது எதற்கு உதவியது, எது காசைத் தின்றது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் 11 என்பது உண்மையா?

ரிசர்வ் விழுந்ததும் 2 லிட்டர் போட்டு, மறுபடி ரிசர்வ் விழும்வரை ஓட்டுவது ஒரு வழி. ஃபுல் டேங்க் போட்டு ஓட்டி, அதே பங்கில் அதே பக்கம் நிறுத்தி மறுபடி நிரப்புவது இன்னொரு வழி. இரண்டாவதைத்தான் நம்பலாம், அதுவும் தூரம் போதுமான அளவு இருந்தால். நாசில் தானாக நிற்கும் இடம் அரை லிட்டர் முன்பின் இருக்கும். 100 கி.மீ. ஓட்டி 6 லிட்டர் போட்டால் அந்த அரை லிட்டரே 8 சதவீதப் பிழை. 300 கி.மீ. ஓட்டினால் அது 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

அப்புறம் மீட்டர். கார்பரேட்டர் 800-இன் டயர் 145/70 ஆர்12. ஆல்டோவுடையது 145/80 ஆர்12. விட்டத்தில் 5.7 சதவீதம் பெரியது. கியர் பெட்டியும் மீட்டர் கேபிளும் 800-இல் இருந்தபடியே இருக்க, சக்கரம் மட்டும் பெரிதானால், ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துத்தான் காட்டும். நாமக்கல் ரோட்டில் கிலோமீட்டர் கல்லை எண்ணிப் பார்த்தேன். 10 கல் தாண்டும்போது மீட்டர் ஒன்பதரைகூட ஆகவில்லை. ஆக 11 என்று நான் புலம்பியது உண்மையில் 11.6. பெரிய ஆறுதல் இல்லைதான், ஆனால் இதைத் திருத்தாமல் எந்தப் பாகத்தைச் சரிசெய்தாலும் அது எவ்வளவு உதவியது என்றே தெரியாது. இனி நான் சொல்லும் கணக்கெல்லாம் திருத்திய கணக்கு.

பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் ஆனதையும் பலர் காரணம் சொல்கிறார்கள். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின் கணிப்புப்படி, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதத்துக்கு ட்யூன் செய்த கார்களில் 6–7 சதவீதம் குறையலாம். 16 என்பது 15 ஆவதற்கு அது காரணமாக இருக்கலாம். 11.6 ஆவதற்கு இல்லை.

ஏற்காடு ரோடா, நாமக்கல் ரோடா?

சோதனை ஓட்டத்துக்கு நம் ஊரில் பாதிப் பேர் அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி ஏறிவிடுகிறார்கள். மைலேஜ் பார்க்க அந்த ரோடு ஆகாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு 1515. இரண்டு பேர் உட்கார்ந்த 800 கிலோ வண்டியைச் சுமார் 1200 மீட்டர் தூக்க 9.4 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது, அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வேலையாகக் கிடைக்கும். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே 1.2 லிட்டர் போய்விடுகிறது. எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது மாறாது. கிளட்ச் வழுக்குகிறதா, வண்டி சூடாகிறதா என்று பார்க்கத்தான் மலை ரோடு. மைலேஜுக்குக் கொண்டலாம்பட்டி பைபாஸில் ஃபுல் டேங்க் போட்டு, 70-ஐத் தாண்டாமல் நாமக்கல் போய்த் திரும்புவது நல்லது. மூன்று தடவை போய் வந்தால் 300 கி.மீ. பக்கம் வந்துவிடும்.

மலையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். எம்பிஎஃப்ஐ வண்டியில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் ஈசியு இன்ஜெக்டரையே மூடிவிடும், பெட்ரோல் போகாது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போகும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

பாகம் மாற்றும் வழி

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிளக், ஏர் ஃபில்டர், டைமிங் பெல்ட் இவற்றைப் பழைய எஞ்சின் ஏற்றும்போதே புதிதாகப் போட வேண்டும், அது வேறு. ஆனால் காரணம் தெரியாமல் இன்ஜெக்டர், பம்ப், புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சார் என்று வரிசையாக மாற்றினால், ஒன்று பலித்து மைலேஜ் ஏறினாலும் எது பலித்தது என்று தெரியாது. நான் பெட்ரோல் பம்பையும் இன்ஜெக்டர் மூன்றையும் மாற்றினேன். மைலேஜ் அசையவில்லை. பழைய பம்ப் இப்போதும் வீட்டில் டப்பாவில் இருக்கிறது, நன்றாகவே ஓடும்.

கையும் மூக்கும் கண்ணும்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் பானெட்டையே முதலில் திறக்கவில்லை. சமதளத்தில் 10 கி.மீ. ஓட்டச் சொன்னார். கடைசி அரை கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் வண்டியைத் தானாக நிற்க விடச் சொன்னார். இறங்கி நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனார். முன் இடது சக்கரம் மட்டும் கொதித்தது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் துருப்பிடித்து, பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. வண்டி எஞ்சினுக்காக மாதக்கணக்கில் நின்றபோது பிடித்த துரு. அதைச் சரிசெய்ததும் 12 வந்தது. (ஏற்காட்டிலிருந்து இறங்கிய கையோடு இந்தச் சோதனை செய்யாதீர்கள், நான்கு சக்கரமும் கொதிக்கும்.)

அடுத்து ரேடியேட்டர். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸில் கை வைத்துக்கொண்டு நின்றார். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வுதான் தெர்மோஸ்டாட். அது நன்றாக இருந்தால் அந்த ஹோஸ் சில நிமிடம் சில்லென்றே இருக்கும். எஞ்சின் 80 டிகிரிப் பக்கம் வந்ததும் வால்வு திறந்து திடீரென்று சூடாகும். என் வண்டியில் ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தது. "தெர்மோஸ்டாட்டே இல்ல தம்பி. சூடாகுதுன்னு எடுத்துட்டாங்க." திறந்து பார்த்தால் வெறும் கூடு.

சேலம் வெயிலுக்குப் பயந்து இதைச் செய்கிற பட்டறைகள் நிறைய. கார்பரேட்டர் வண்டியிலேயே இது கெடுதல், எம்பிஎஃப்ஐயில் பெருங்கெடுதல். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து ஈசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். சோக் இழுத்தபடியே நாமக்கல் வரை ஓட்டுவதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். சில நூறு ரூபாய் தெர்மோஸ்டாட் போட்டதும் 13.5.

மூக்குக்கும் வேலை கொடுத்தார். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரில் இருந்து வேக்கம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாடை வந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது, அந்த வழியாகவே எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சும். என்னுடையதில் வாடை இல்லை.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தைக் காட்டும் வேக்கம் கேஜ் மாட்டினார். நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) அசையாமல் காட்டும். டைமிங் பெல்ட் ஒரு பல் தவறியிருந்தால் முள் தாழ்ந்து நிற்கும். என் வண்டிக்கு 18. ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப்புக்கு இந்தச் சோதனை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: 1000 அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். அங்கே 14 காட்டினால் எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. அதேபோல, சேலத்தில் ட்யூன் செய்த கார்பரேட்டர் மேலே போனால் காற்று மெலிந்து ரிச்சாகத்தான் (பெட்ரோல் அதிகமாக) ஓடும். பிளக் கறுப்பாகும். எம்பிஎஃப்ஐயில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் அதைப் பார்த்துச் சொல்ல, ஈசியு சரிசெய்துகொள்ளும்.

கடைசியாக என் பிளக் மூன்றையும் கழற்றினார். மூன்றும் கரி, விரலில் ஒட்டும் கறுப்புப் பொடி. "பெட்ரோல் இன்னும் அதிகம்தான் போகுது. எதனாலன்னு எனக்குப் பிடிபடல. கம்ப்யூட்டர்ல பாருங்க." இப்படிச் சொல்லத் தெரிந்ததற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

ஸ்கேனர் சொன்னது

மலிவான புளூடூத் கருவிகள் பழைய மாருதி ஈசியுவோடு பல நேரம் பேசுவதில்லை. மாருதிக்கான மென்பொருள் உள்ள ஸ்கேனர் வைத்திருக்கும் இடமாகத் தேடிப் போனேன். அங்கிருந்த தம்பி, எரர் கோட் எதுவும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது என்றான். ஸ்கேனர் வழியின் பெரிய பலவீனம் இது. கோட் இல்லை என்றால் நோய் இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். ஓடும்போது வரும் லைவ் டேட்டாவைக் காட்டச் சொல்லி வற்புறுத்தினேன்.

கூலண்ட் 88 டிகிரி, சரி. ஆக்ஸிஜன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மேலும் கீழுமாகத் துள்ள வேண்டும். அது 0.1-இலேயே கிடந்தது. ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, பிளஸ் 22. அதாவது, பெட்ரோல் போதவில்லை, லீனாக ஓடுகிறது என்று சென்சார் சொல்ல, ஈசியு அதை நம்பி 22 சதவீதம் கூட்டி ஊற்றிக்கொண்டிருக்கிறது.

தம்பி உடனே சொன்னான்: "லீன்ங்கண்ணா. இன்ஜெக்டர் கிளீன் பண்ணணும்." இன்ஜெக்டர் புதுசு என்றேன்.

இந்த இடத்தில்தான் இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கேனர் பெட்ரோல் குறைவு என்கிறது. பிளக் பெட்ரோல் அதிகம் என்கிறது. பிளக்கில் படிந்த கரி பொய் சொல்லாது. அப்படியானால் சென்சாருக்கு யாரோ தவறான சேதி கொடுக்கிறார்கள். சென்சாரே கெட்டிருந்தாலும் இப்படி வரும். இல்லையென்றால் புகையோடு வெளிக்காற்று கலக்க வேண்டும், சென்சாருக்கு முன்னால் எங்கேயோ ஓட்டை இருக்கலாம்.

மறுபடி பெரியவரிடம் போனேன். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயில் ஈரச் சாக்கைச் சில விநாடி அழுத்திப் பிடித்தார். எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் குழாயான மேனிஃபோல்டு பக்கம் நான் காதை வைத்தேன். புஸ்ஸென்று சத்தம். சோப்புத் தண்ணீர் தெளித்ததும், ஆல்டோ மேனிஃபோல்டும் 800-இன் சைலன்சர் குழாயும் சேரும் ஃபிளாஞ்ச் மூட்டில் குமிழ் குமிழாக வந்தது. கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை, ஒரு ஓரத்தில் கறுப்புக் கோடு. புகை துடிப்புத் துடிப்பாகத்தான் போகும், ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு சின்ன உறிஞ்சல் வரும், அப்போது அந்த இடுக்கில் காற்று உள்ளே நுழையும். ஃபிளாஞ்சை அரம் போட்டுச் சமப்படுத்தி, புதுக் கேஸ்கெட் வைத்தோம். சென்சார் துள்ள ஆரம்பித்தது. ட்ரிம் பிளஸ் 3. மைலேஜ் 16.5.

என் தேர்வு

கார்பரேட்டர் எஞ்சின் என்றால் யோசிக்காமல் அனுபவ மெக்கானிக்கிடம் போவேன். ஸ்கேனருக்கு அங்கே வேலை இல்லை. எம்பிஎஃப்ஐ என்றாலும் முதலில் அவரிடம்தான். பிரேக், தெர்மோஸ்டாட், வேக்கம், பிளக் நான்கும் ஒரு காலை வேலை, செலவும் சொற்பம். அதில் தெரியாததற்கு ஸ்கேனர், எரர் கோடுக்காக அல்ல, லைவ் டேட்டாவுக்காக. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கவலைப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். என் வண்டியில் அந்த முரண்தான் ஓட்டையைக் காட்டியது. கவனித்தீர்களா, கிடைத்த குறை ஒன்றுகூட எஞ்சினுக்குள் இல்லை. புது எஞ்சினும் பழைய வண்டியும் சேரும் இடங்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

16.5-க்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை. 4 கியர் பெட்டியில் ஐந்தாவது கியர் கிடையாது, ஹைவேயில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றியே தீரும்.

எஞ்சின் மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்சியில் புது எஞ்சின் எண் ஏற வேண்டும், இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். விபத்து என்று வந்தால் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

ஒன்று விட்டுப்போனது. கார்பரேட்டர் 800-இன் மீட்டரில் செக் எஞ்சின் விளக்கே கிடையாது. ஈசியுவின் விளக்கு வயர் என் வண்டியில் டேஷ்போர்டுக்குப் பின்னால் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. நாளை ஒரு சென்சார் செத்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இப்போது மீட்டருக்குக் கீழே சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு வைத்திருக்கிறேன். சாவியைத் திருப்பியதும் எரியும், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணையும்.