குவாலிஸுக்கு மாற்று எஞ்சின்: 57,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டில் இருபத்தோரு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் டொயோட்டா குவாலிஸுக்கு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எஞ்சினை மாற்றினோம். அப்போது ஓடோமீட்டரில் 3,86,400 கிலோமீட்டர் காட்டியது; இன்று அது 4,44,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. இந்த மூன்றரை ஆண்டுகளில் மாற்று எஞ்சின் எப்படி உழைத்தது, எங்கே தொல்லை கொடுத்தது, போட்ட பணத்துக்கு அது தகுமா என்பதை, பழைய வண்டியை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

2004 மார்ச்சில் என் அப்பா இந்த வண்டியை ஈரோட்டில் பதிவு செய்தார். 2000ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, 2005இல் இன்னோவாவுக்கு வழிவிட்டு விற்பனையிலிருந்து விலகிய குவாலிஸைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 2,446 சிசி கொள்ளளவும் 75 குதிரைத்திறனும் கொண்ட, டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். வேகமும் இழுவையும் குறைவு, ஆனால் பராமரித்தால் நெடுங்காலம் உழைக்கும். எட்டுப் பேர் அமரலாம். மூட்டு வலியுள்ள என் அம்மாவுக்கு, ஏறும்போது குனியவும் வேண்டாத, எக்கவும் வேண்டாத இருக்கை உயரம் இதில்தான் அமைந்திருக்கிறது. எஞ்சின் போன பிறகும் இந்த வண்டியை விட்டுவிட மனம் வராததற்கு அது முக்கியக் காரணம்.

2022 மே மாதத்தில், பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏழு பேரோடு ஏறிக்கொண்டிருந்தோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்தபோது வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட மேலே ஏறியது. ஏசியை அணைத்துவிட்டு, ஓரம் கட்ட இடம் தேடியபடியே மெதுவாக ஓட்டினேன். இரண்டு வளைவுகள் தாண்டுவதற்குள் முள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. சூடு தணிந்துவிட்டது என்று நம்பித் தொடர்ந்து ஏறினேன். என் எஞ்சினைக் கொன்றது அந்த நம்பிக்கைதான்.

இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பல ஆண்டு ஓட்டியவர்களிலும் பலர் இதை அறிந்திருக்கவில்லை. வெப்பமானியின் உணரி, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் மூழ்கியிருக்கும்போதுதான் சரியான வெப்பத்தைக் காட்டும். எஞ்சினின் பின்பக்கத்தில், கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் இருந்த ஹீட்டர் ஹோஸ் ஒன்று நைந்து வெடித்து, கூலன்ட் முழுவதும் வெளியேறியிருக்கிறது. உணரியைச் சுற்றி நீர் இல்லாமல் வெறும் காற்றும் ஆவியும் மட்டுமே இருந்ததால் முள் இறங்கியது. உள்ளே இரும்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஐந்தாறு நிமிடங்களில் இழுவை குறைந்து, வெள்ளைப் புகை கிளம்பி, எஞ்சின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்ய முயன்றபோது, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் சுற்றவே இல்லை. இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடு உள்ள காட்டுச் சாலை என்பதால், இருட்டுவதற்குள் மீட்பு வண்டி வந்து எங்களை அடிவாரத்தில் சேர்த்ததே பெரிய நிம்மதியாக இருந்தது.

எஞ்சினைத் திறந்தபோது நிலைமை தெளிவானது. சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், இரண்டு சிலிண்டர்களுக்கிடையே எரிந்திருந்தது. ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு விழுந்திருந்தது. மூன்றாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கீறிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்து மோர் நிறத்தில் இருந்தது. கிராங்க் பேரிங்குகளும் தேய்ந்துபோயிருந்தன. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட குழாய்களில் உப்புப் படிந்து அடைத்திருந்தது. பல ஆண்டுகளாக, அளவு குறையும்போதெல்லாம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறோம். எங்கள் பகுதித் தண்ணீரின் கடினத்தன்மையைச் சமையலறைப் பாத்திரங்களில் நாள்தோறும் பார்த்துக்கொண்டே, அதையே வண்டிக்கும் ஊற்றிய தவறு முழுக்க எங்களுடையது.

பதினைந்து ஆண்டுகளாக எங்கள் வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் அன்று சொன்னதை அப்படியே தருகிறேன்: “எஞ்சினை மாத்தறது பெருசில்லைங்க சார். எதனால போச்சோ அதைச் சரி பண்ணாம இதை மட்டும் மாத்துனா, அடுத்த கோடைக்கு இதுவும் போயிருமுங்க.” செலவுக் கணக்கைப் பற்றி நாங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இந்த வாக்கியம் கூடவே இருந்தது. அதை மறந்த ஓர் இடத்தில் தண்டனையும் கிடைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, அதே எஞ்சினுக்கு முழு வேலை பார்ப்பது: புதிய ஹெட், லைனர், பிஸ்டன் செட், கிராங்க் கிரைண்டிங், பேரிங் எல்லாம் சேர்த்து 1,45,000 ரூபாய் ஆகும் என்றும், லேத் வேலை முடிய ஐந்தாறு வாரங்கள் பிடிக்கும் என்றும் மதிப்பிட்டார்கள். இரண்டாவது, டொயோட்டாவின் அதே எஞ்சின் வரிசையைச் சேர்ந்த 2,779 சிசி அல்லது 2,986 சிசி எஞ்சினை வைப்பது. மலையில் இழுவை கூடும் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். கொள்ளளவு மாறினால் பதிவுச் சான்றிதழின் விவரங்களே மாறும் என்பதாலும், குடும்ப வண்டியில் சோதனை முயற்சி வேண்டாம் என்பதாலும் அதைத் தவிர்த்தேன். மூன்றாவது, விபத்தில் சிக்கி உடைக்கப்பட்ட இன்னொரு குவாலிஸின் அதே வகை எஞ்சினை வாங்கிப் பொருத்துவது. அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். முழு வேலை பார்த்த எஞ்சின், நேர்த்தியான லேத்தும் பொறுமையான கையும் அமைந்தால், இதைவிட நீண்ட காலம் உழைக்கும் என்பதை மறுக்கமாட்டேன். பள்ளி திறப்பதற்குள் வண்டி வேண்டும் என்ற நெருக்கடி எங்களுக்கு இருந்தது.

கோவை உக்கடம் பகுதியின் காயலான் கடைகளில் இரண்டு நாள் அலைந்தோம். முதலில் பார்த்த இரண்டு எஞ்சின்களும் தரையில் கிடந்தவை. ஓடவிட்டுக் காட்ட முடியாது என்றதும் திரும்பிவிட்டோம். மூன்றாவது எஞ்சின் இன்னும் வண்டியிலேயே இருந்தது. வண்டியின் பின்பகுதிதான் நொறுங்கியிருந்தது. காலையில் எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போய் ஸ்டார்ட் செய்யச் சொன்னோம். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அங்கிருந்து புகை அழுத்தமாகத் தள்ளுகிறதா என்று பார்த்தோம். லேசான ஆவி மட்டுமே வந்தது. பிறகு, குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றி ஸ்டார்ட் செய்ய உதவும் கிளோ பிளக்குகளின் துளைகள் வழியாக நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தபோது சதுர சென்டிமீட்டருக்கு 27, 26.5, 27, 25.5 கிலோ என்று வந்தது. நான்குக்கும் இடையே வேறுபாடு இவ்வளவு குறைவாக இருந்ததே எனக்குப் பெரிய உறுதியைத் தந்தது. அந்த வண்டி 1,90,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொன்னார்கள். ஓடோமீட்டரை நம்பி நான் விலை பேசவில்லை. அழுத்த அளவை நம்பித்தான் பேசினேன். 72,000 ரூபாய்க்கு முடிந்தது.

எஞ்சின் வெளியே இருக்கும்போது செய்யும் வேலைகளுக்குத் தனியாகக் கூலி அதிகம் ஆகாது. ஆகவே வால்வுகளின் இயக்கத்தைப் பிஸ்டன்களோடு ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், க்ளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், எஞ்சின் மவுன்ட்டுகள் அனைத்தையும் புதிதாகப் போட்டோம். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும் என்பதால், வாங்கிய எஞ்சினில் இருந்த பெல்ட்டை அது எவ்வளவு புதியதாகத் தெரிந்தாலும் நம்பக்கூடாது. ரேடியேட்டரைக் கழுவி மறுபடி மாட்டலாம் என்ற யோசனையை மெக்கானிக் ஏற்கவே இல்லை. புதிய ரேடியேட்டர் வாங்கினோம். சிறிய பைபாஸ் ஹோஸ் உட்பட வண்டியிலிருந்த எல்லா ஹோஸ்களையும் கிளிப்புகளையும் மாற்றினோம். எங்கள் பழைய டீசல் பம்ப் முந்தைய ஆண்டுதான் சரிபார்க்கப்பட்டது என்பதால் அதையே புதிய எஞ்சினில் பொருத்தி, டீசலைத் தெளிக்கும் நாஸில்களை மட்டும் சோதித்து மாற்றினோம்.

இங்கேதான் நான் தவறினேன். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றச் சொன்னார் மெக்கானிக். அது காய்ந்து சுத்தமாக இருந்ததால், பட்ஜெட் ஏற்கெனவே மீறிவிட்டது என்று வேண்டாம் என்றேன். சீலின் விலை சில நூறு ரூபாய்தான். 11,000 கிலோமீட்டர் ஓடியதும் கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவிலிருந்து ஆயில் சொட்டத் தொடங்கி, புதிய க்ளட்ச் பிளேட்டையும் நனைத்துவிட்டது. கியர்பாக்ஸை மறுபடி இறக்கி, சீலையும் க்ளட்ச் பிளேட்டையும் மாற்ற 7,800 ரூபாய் ஆனது. பழைய எஞ்சின் வாங்குபவர்கள் அதன் ரப்பர் சீல்களை எல்லாம், ஒன்று விடாமல், பொருத்துவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

மொத்தச் செலவைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் 72,000, டைமிங் பெல்ட், மவுன்ட், கிளோ பிளக் போன்ற உதிரிகள் 14,500, ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ்கள் 19,000, க்ளட்ச் 9,500, நாஸில் வேலை 8,000, ஆயில், கூலன்ட் முதலியவை 7,500, கூலி 22,000, மீட்பு வண்டி 6,500, ஆவணச் செலவு 4,000. ஆக 1,63,000 ரூபாய். எஞ்சின் விலை மொத்தத்தில் பாதியைக்கூட எட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். எஞ்சின் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு இறங்குபவர்கள் பாதி வழியில் திணறுவது இதனால்தான்.

ஆவண வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் இருப்பதால், மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீது, உடைக்கப்பட்ட வண்டியின் பதிவு ரத்தான ஆவணத்தின் நகல், பொருத்திய பணிமனையின் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பித்து, வண்டியை நேரில் காட்டி, புதிய எண்ணைப் பதிந்து வாங்கினோம். ரசீதும் பழைய வண்டியின் காகிதமும் தர மறுக்கும் கடையில், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிப் பாலிசியில் எண்ணைத் திருத்தினோம். இதன் பலன் 2024இல் தெரிந்தது. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பதிவுப் புதுப்பிப்பின்போது ஆய்வாளர் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சரிபார்த்தார். இரண்டும் பொருந்தியதால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஓட்ட அனுபவத்தில் முதலில் தெரிந்தது அதிர்வு குறைந்ததுதான். பழைய எஞ்சின் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்துவந்தது. இது நெடுஞ்சாலையில் 13, ஊருக்குள் 11.5 கொடுக்கிறது. முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டரிலேயே வடித்துவிட்டு, அதன் பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறோம். இரண்டு மாற்றங்களுக்கிடையே ஏறக்குறைய 300 மில்லி குறைகிறது, இந்த வயது எஞ்சினுக்கு அது எனக்குக் கவலையாகத் தெரியவில்லை. கடைசியாக எடுத்த புகைப் பரிசோதனையில், எங்கள் வண்டிக்குரிய வரம்பான 65-க்கு எதிராக 38 வந்தது. வால்வு கவர் கேஸ்கெட் ஒருமுறை கசிந்தது, ஆல்டர்னேட்டர் ஒருமுறை பழுதானது. வழியில் நின்றுபோன நிகழ்வு ஒன்றுகூட இல்லை.

இரண்டு மாற்றங்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்று, ஹெட்டின் போல்ட் ஒன்றில் பொருத்தப்பட்ட வெப்ப உணரி. இது கூலன்ட்டின் வெப்பத்தை அல்லாமல் உலோகத்தின் வெப்பத்தையே அளப்பதால், தண்ணீர் முழுவதும் போனாலும் பொய் சொல்லாது. 105 டிகிரியைத் தொட்டால் ஒலி எழுப்பும். 2,500 ரூபாய்க்குள் முடிந்த வேலை. அன்று இது இருந்திருந்தால் ஒரு ஹோஸ் விலையோடு தப்பித்திருப்போம். மற்றொன்று, காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட்டை ஐந்து லிட்டர் கேனில் எப்போதும் வண்டியிலேயே வைத்திருப்பது; கிணற்றுத் தண்ணீர் இன்றுவரை ரேடியேட்டரைத் தொடவில்லை. சென்ற ஆண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தபோது குழாய் வாய்கள் பளிச்சென்று இருந்தன.

எல்லா வண்டிக்கும் இதைச் செய்யலாம் என்று சொல்லமாட்டேன். எங்கள் வண்டியின் சேஸிஸில் துரு இல்லை, கியர்பாக்ஸும் ஆக்சிலும் நல்ல நிலையில் இருந்தன, உதிரிகள் ஊரிலேயே கிடைக்கின்றன, கையறிந்த மெக்கானிக் இருக்கிறார். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அதே பணத்தை அடுத்த வண்டிக்கு முன்பணமாகக் கொடுத்திருப்பேன். பத்தாண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகள் உள்ள தில்லி வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. இங்கும் செலவு கூடிக்கொண்டுதான் போகிறது: 2024இல் நாங்கள் கட்டிய புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக்கப்பட்டுவிட்டது. பசுமை வரி தனி.

அடுத்த கோடைக்கு முன் ஹோஸ்களை அழுத்திப் பார்த்து, உப்பிய அல்லது இறுகிப்போனவற்றை மாற்றவும், வால்வு இடைவெளியைச் சரிபார்க்கவும் தேதி குறித்திருக்கிறோம். அது முடிந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு மீண்டும் திம்பம் வழியாகத்தான் மைசூருக்குப் போகிறோம்.