ஹார்லெம் கோரி டென் பூம் வீடு: போகலாமா?

ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர், யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று புலம்புவார்கள். ரயிலில் கால் மணி நேரம் போனால் ஹார்லெம், அங்கே கடைத்தெருவிலேயே இன்னொரு வீடு இருக்கிறது: இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்துவைத்த டச்சுக் கிறிஸ்தவப் பெண் கோரி டென் பூமின் குடும்ப வீடு. கீழே கடிகாரக் கடை, மேலே குடும்பம் வாழ்ந்த இடம். கடையை 1837-இல் தொடங்கியவர் கோரியின் தாத்தா, வீடு 1988-இல் அருங்காட்சியகம் ஆனது. கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டதை உண்டியலில் போடலாம். ஆனால் வழிகாட்டியோடு குழுவாகத்தான் சுற்ற முடியும், அதனால் ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

முதலில் குடும்பத்தின் வரவேற்பறையில் உட்கார வைத்துக் கதை சொல்கிறார்கள், அப்புறம் குறுகலான செங்குத்துப் படிகளில் ஏறி கோரியின் படுக்கையறைக்கு. அங்கேதான் பின்னால் ஆட்களை ஒளித்துவைத்த போலிச் சுவர். துணி அலமாரியின் அடித்தட்டு வழியாகத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். 1944 பிப்ரவரி 28 அன்று நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ வந்தபோது ஆறு பேர் அதற்குள் புகுந்து, இரண்டு நாள் போல அடைந்து கிடந்திருக்கிறார்கள், அந்தச் சோதனையில் பிடிபடவில்லை. பிடிபட்டது வீட்டுக்காரர்கள். 84 வயது அப்பா காஸ்பர் பத்தே நாளில் காவலில் இறந்தார், அக்கா பெட்ஸி அந்த டிசம்பரில் ஜெர்மனியின் ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமில். மூவரில் கோரி மட்டும் திரும்பி வந்தார்.

"உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர்களுக்கு இந்த வீட்டைச் சிபாரிசு செய்கிறேன். பகைவனை நேசிப்பது என்றால் அவன் சொன்னபடி கேட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தக் குடும்பமோ ஜெர்மானியருக்காக ஜெபித்துக்கொண்டே போலிச் சுவர் எழுப்பி, அபாய மணி பொருத்தி, திருட்டு ரேஷன் கார்டு வாங்கி அவர்களை நன்றாக ஏமாற்றியது. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடந்ததை நேரில் பார்க்கும்போது அந்த வசனமே வேறு மாதிரி கேட்கிறது.

1947-இல் மியூனிக்கில் கோரி பேசி முடித்ததும், ராவென்ஸ்ப்ரூக்கில் காவலனாக இருந்த ஒருவன் வந்து கை நீட்டினான். அவருக்குக் கை எழவில்லை. என்னால் முடியவில்லை, நீயே உதவு என்று கடவுளிடம் மனதுக்குள் மன்றாடிவிட்டுத்தான் கையைப் பிடித்திருக்கிறார். எல்லோரும் சொல்லும் கதை இது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, தங்களைக் காட்டிக்கொடுத்தவனுக்கு 1945-இலேயே மன்னித்துவிட்டேன் என்று அவர் கடிதம் எழுதியதும், நாஜிகளோடு சேர்ந்துகொண்டதால் ஊரே காறித் துப்பிய டச்சுக்காரர்கள் தங்குவதற்கு இதே வீட்டைத் திறந்துவிட்டதும்தான். கைகுலுக்கல் ஒரு நிமிஷம், வீட்டில் வைத்துச் சோறு போடுவது தினசரி வேலை. இத்தனைக்கும் பிறகு, நண்பர்கள் செய்த ஏதோ ஒரு துரோகத்தை மறக்க முடியாமல் வாரக்கணக்கில் மனம் புழுங்கியதாகவும் அவரே எழுதியிருக்கிறார், அதனால்தான் மற்றதையும் நம்பத் தோன்றுகிறது.

ஒரு விஷயம், இவரை உதாரணம் காட்டி அடிபட்டவர்களிடம் போய் "நீயும் மன்னிச்சிடு" என்று நெருக்குகிறவர்கள் உண்டு, சபைகளில் இது நிறையவே நடக்கிறது. கோரியை யாரும் நெருக்கவில்லை, அவராக எடுத்த முடிவு.

ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது, அதனால் அவருடைய 'தி ஹைடிங் பிளேஸ்' புத்தகத்தை முன்பே படித்துவிட்டுப் போவது நல்லது. பக்தி வாடை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சில இடங்களில் நெளிய வேண்டியிருக்கும். மூட்டு வலிக்காரர்கள் படியை யோசித்துக்கொள்ளுங்கள், தள்ளுவண்டிக் குழந்தையோடு போனால் சிரமம்தான். ஞாயிறும் திங்களும் திறப்பதில்லை. நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே பெரிய தேவாலயம், சிறுவன் மொசார்ட் 1766-இல் வாசித்த ஆர்கன் இன்னும் அங்கே இருக்கிறது.

ஐந்துக்கு நாலரை. அரையைக் குறைத்தது படிக்கட்டுக்காக.