கழுத்துவரை நிறைந்தால்தான் இது நல்ல ஜாடி: ஒரு கேலன் ஒயின் செட்

அமெரிக்காவில் வீட்டு ஒயினுக்கென்று விற்கும் ஒரு கேலன் செட்டில் பெரும்பாலும் மூன்றே சாமான்கள்: 3.785 லிட்டர் கண்ணாடி ஜாடி, துளையிட்ட ரப்பர் கார்க், மூன்று துண்டாகக் கழற்றும் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீரடைப்பு). கண்ணாடி வாடை பிடிக்காது, காற்றை ஊடுருவ விடாது. ஒயினை மாதக்கணக்கில் தெளியவைக்க அருமையான பாத்திரம். ஆனால் சாறு பொங்கும் முதல் வாரத்தையும் இதிலேயே ஓட்டச் சொல்லும் குறிப்புத்தாளைப் பின்பற்ற வேண்டாம்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். நுரைக்கு இடம் விட்டால் 3 லிட்டர்தான் ஊற்றலாம். பொங்கி அடங்கியபின் மண்டியை விட்டுத் தெளிவை இறுத்தால் இன்னும் 300 மில்லியாவது போகும். மிஞ்சிய 2.7 லிட்டருக்கு மேலே ஒரு லிட்டருக்கும் அதிகமான காலியிடம். ஈஸ்ட் வேலை செய்யும்வரை அது பாதகமில்லை, கரியமில வாயு காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நொதித்தல் நின்றபின் தள்ள ஆளில்லை. கனமான வாயு போர்வைபோல் ஒயினை மூடிக் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வாயுக்கள் அடுக்காக நிற்பதில்லை, கலந்துவிடும். பிறகு நிறம் பழுப்பேறும், அடிபட்ட ஆப்பிள் வாடை வரும், மேலே வெள்ளை ஆடை படியும். அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா புகுந்தால் ஒயின் காடியாகிவிடும்.

ஆகவே உணவுத் தர பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் சாறாகத் தொடங்குங்கள். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் (தண்ணீருக்கு 1.000, சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்) 1.010க்குக் கீழே இறங்கியதும் ஜாடிக்கு மாற்றி, நுரை அடங்கியதும் கார்க்குக்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே வரை நிரப்புங்கள். முட்ட முட்ட நிரப்பவும் கூடாது. அறை 10 டிகிரி சூடேறினால் இந்த அளவு ஒயின் சுமார் 10 மில்லி விரியும், அது ஏர்லாக்குக்குள் ஏறிவிடும். மிச்சத்தை 750 மில்லி ஒயின் பாட்டிலில், தனி கார்க்கும் ஏர்லாக்குமாக வையுங்கள். அடுத்த முறை தெளிவை வடித்தெடுக்கும்போது குறைவதை அதிலிருந்து நிரப்பலாம். இந்தச் சின்ன பாட்டிலுக்கான கார்க்கைச் செட்டில் சேர்க்காததுதான் பெரிய குறை.

அந்த மிச்சமும் இல்லாவிட்டால் அதே ரக ஒயினை வாங்கி ஊற்றலாம். தண்ணீர் வேண்டாம், 300 மில்லி சேர்த்தாலே 12 சதவீத ஒயின் 11க்கு இறங்கி, சுவையும் நீர்த்துப்போகும். கண்ணாடி கோலி போடுவதும் உண்டு, ஆனால் 16 மி.மீ. கோலி ஒன்று 2 மில்லிதான் அடைக்கும். 300 மில்லி இடத்துக்கு 140 கோலி, அத்தனையையும் கிருமி நீக்க வேண்டும்.

ஹைட்ரோமீட்டரும் செட்டில் கிடையாது. அது இல்லாமல் நொதித்தல் முடிந்ததா என்று சொல்லவே முடியாது. ஏர்லாக் குமிழியை நம்பாதீர்கள். கரைந்திருந்த வாயு சூட்டில் வெளியேறினாலும் குமிழி வரும், கார்க் சரியாக உட்காராவிட்டால் நொதிக்கும்போதும் வராது. 1.090இல் தொடங்கிய ஒயின் 0.990க்கும் 0.998க்கும் இடையே வந்து, மூன்று நாள் அசையாமல் நின்றால் முடிந்தது. 1.020இல் நின்றுவிட்டதைப் பாட்டிலில் அடைத்தால் பின்னால் மீண்டும் நொதித்துப் பாட்டில் வெடிக்கலாம். பொட்டாசியம் சார்பேட் என்ற பதப்படுத்தும் உப்பு, நடக்கும் நொதித்தலை நிறுத்தாது, முடிந்த ஒயின் மறுபடி தொடங்காமல்தான் தடுக்கும். அதையும் கிருமியைத் தடுக்கும் சல்ஃபைட் இல்லாமல் போட்டால், ஒயினின் புளிப்பை மாற்றும் மாலோலாக்டிக் பாக்டீரியா அதைத் தின்று ஜெரேனியம் செடியின் வாடையைக் கிளப்பிவிடும். நொதித்தல் முடிந்து தெளிவை வடித்தெடுக்கும்போது கேலனுக்கு ஒரு கேம்ப்டன் என்ற சல்ஃபைட் மாத்திரையைப் பொடித்துப் போடுங்கள்.

ஏர்லாக்கைக் கழற்றிக் கழுவுவது சுலபம். ஆனால் குளிர்ந்தால் அதிலுள்ள நீரை ஜாடிக்குள் இழுத்துவிடும், மாதக்கணக்கில் வைக்க எஸ் வடிவ ஏர்லாக்கே மேல். ஈரக் கார்க் வழுக்கி மேலே எழும், கழுத்தையும் கார்க்கையும் துடைத்தபின் செருகுங்கள். கண்ணாடியில் கொதிநீர் ஊற்றாதீர்கள். நிறைந்த ஜாடியைக் கழுத்து வளையத்தில் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.