ஆறாத சுகர் புண்ணுக்கு பெகாப்லெர்மின் ஜெல்: அம்மாவுக்கு போட்டு பாத்த அனுபவம்

வாங்கலாமான்னு கேட்டா, சரியான புண்ணா இருந்தா தாராளமா வாங்கலாம். விலை ஜாஸ்தி, ட்யூபும் சின்னது, ரத்த ஓட்டம் இல்லாத கால்ல போட்டா மொத்த காசும் தண்டம், அதனால இதை முதல்லயே சொல்லிடறேன்.

அம்மாவுக்கு சுகர்னால பாதத்துல உணர்ச்சி கம்மி, கட்டைவிரலுக்கு கீழ உள்ளங்கால்ல வந்த புண்ணு மாசக்கணக்கா ஆறவே இல்ல, பவுடர் ஆயின்மென்ட்னு போடாதது பாக்கி கிடையாது. கால் புண்ணு பாக்குற டாக்டர்தான் இதை எழுதிக் குடுத்தார், அதுக்கு முன்னாடியே டாப்ளர் வெச்சு காலுக்கு ரத்தம் போகுதான்னு பாத்து, ஓரத்துல தடிச்சுப்போன தோலு செத்த சதை எல்லாத்தையும் வெட்டி எடுத்து, காலை ஊனி நடக்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார்.

ஜெல்லுக்குள்ள இருக்கறது பிடிஜிஎஃப்ங்கற புரதம். அடிபட்டா ரத்தம் உறைய வைக்கிற பிளேட்லெட்டே காயத்துல இதை கக்கும். இதுக்கு பின்னாடி இருக்குற கதை எனக்கு ரொம்ப பிடிச்சது. சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ரஸ்ஸல் ராஸ்னு ஒருத்தர், பல் டாக்டருக்கு படிச்சுட்டு காயம் எப்படி ஆறுதுங்கற ஆராய்ச்சிக்கு வந்தவர், அப்புறம் ரத்தக்குழாய் ஏன் தடிச்சு அடைக்குதுன்னு தேட ஆரம்பிச்சார். 1974ல அவரோட குழு குரங்கு ரத்தக்குழாயோட தசை செல்லை வளத்து பாக்குறாங்க, உறைஞ்ச ரத்தத்துல இருந்து தெளிஞ்சு வர்ற நீர், அதாவது சீரம், ஊத்துனா செல் பெருகுது, பிளேட்லெட்டை நீக்கிட்டு எடுத்த சீரம்னா பெருசா வளர்ச்சியே இல்ல, அப்ப வளர வைக்கிற சங்கதி பிளேட்லெட்டுக்குள்ளதான் இருக்குன்னு புடிச்சுட்டாங்க. அந்த புரதத்தைத்தான் பின்னாடி ஈஸ்ட்ல ஜீனை வெச்சு தயாரிச்சு, 1997ல அமெரிக்காவுல சுகர் கால் புண்ணுக்கு மருந்தா அனுமதிச்சாங்க.

வேலை என்னன்னா, சதை கட்டுற செல்களை புண்ணுக்கு வரவழைக்கும். புதுசா முளைக்கிற ரத்தக்குழாய் தனியா நின்னா கசிஞ்சு வீணாப்போகும், அதை சுத்தி புடிச்சு நிக்கிற செல்களை கூட்டிட்டு வர்றதும் இதே புரதம்தான். அம்மா புண்ணுல கண்ணால பாத்தேன், மஞ்சப்பூத்து கிடந்த அடிப்பாகம் கொஞ்சம் கொஞ்சமா சிவந்து பொடிப்பொடி மணியா எழும்புச்சு, காஸ் லேசா உரசுனாலே ரத்தம் எட்டிப் பாக்கும். நான் பயந்தா டாக்டர் சந்தோஷப்படறார், புது ரத்தக்குழாய் வந்திருக்குன்னு அர்த்தமாம்.

போடற முறையில கவனம் வேணும். அள்ளி அப்பக்கூடாது. 15 கிராம் ட்யூபுக்கு ரெக்ரானெக்ஸ் (இந்த ஜெல்லோட பிராண்ட் பேரு) லேபிள்ல உள்ள கணக்கு, புண்ணோட நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டர்ல பெருக்கி நாலால வகுக்கணும், அதாவது 4க்கு 2 புண்ணுன்னா 2 சென்டிமீட்டர் ஜெல் போதும். இயர் பட்ல மெல்லிசா பரப்பி, சலைன்ல நனைச்ச காஸ் வெச்சு 12 மணி நேரம், அப்புறம் கழுவிட்டு ஜெல் இல்லாம வெறும் ஈர காஸ். தினமும் இதேதான், அலுப்பா இருக்கும் ஆனா விடக்கூடாது.

பிரிட்ஜ்ல 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வெக்கணும், ஃப்ரீசர்ல வெக்கவே கூடாது. ஒரு மெடிக்கல்ல வெளிய ஷெல்ஃப்ல இருந்து எடுத்து குடுத்தாங்க, வேணாம்னு வந்துட்டு ஐஸ் பேக் போட்டு தர்ற கடையில வாங்குனேன். நீங்களும் கேட்டு வாங்குங்க.

எல்லாருக்கும் ஆறிடுமான்னா இல்லீங்க. 382 பேர் வெச்சு நடந்த ட்ரையல்ல 20 வாரத்துல இந்த ஜெல் போட்டவங்கள்ல 50 சதவீதம் பேருக்கு முழுசா ஆறுச்சு, மருந்தில்லாத ஜெல் போட்டவங்களுக்கும் 35 சதவீதம் ஆறியிருக்கு. ரெண்டு பக்கமும் புண்ணை வெட்டி சுத்தம் பண்ணி, காலை ஊனாம பாத்துக்கிட்டாங்க, அதுதான் விஷயம். அதை செய்யாம ட்யூபை மட்டும் நம்பறவங்க தயவுசெஞ்சு காசை மிச்சம் புடிங்க.

புண்ணு இருக்குற இடத்துல கேன்சர் இருந்தா தொடவே கூடாது. 2008ல இதுக்கு கேன்சர் எச்சரிக்கை போட்டாங்க, அப்புறம் வந்த தகவலை பாத்து அந்த பெரிய எச்சரிக்கையை எடுத்துட்டாங்க, இருந்தாலும் பழைய ஹிஸ்டரி இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

அம்மாவுக்கு புண்ணு மூடிடுச்சு, இப்ப வீட்டுக்குள்ளயும் எம்சிஆர் செருப்புதான் (சுகர்காரங்க பாதத்துக்கான மெத்துன்னு இருக்குற ரப்பர் செருப்பு). அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணு குறைச்சது விலைக்காக. பக்கத்து வீட்டு அக்கா அவங்க மாமியாரோட படுக்கைப்புண்ணுக்கு மிச்ச ட்யூப் கேட்டாங்க, குடுக்கல, அந்த மாதிரி புண்ணுக்கு இது பலன் தரும்னு நிரூபணம் ஆகலைன்னு லேபிள்லயே இருக்கு.