காட்டெல்லை வேலியா, வயல் வேலியா?

யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னியில் வயல் செய்பவர்கள் இந்த இரண்டு யானை மின்வேலிகளையும் குழப்புவதுண்டு.

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் காட்டெல்லையில் போடுவது நிரந்தர வேலி. எல்லைக்கோடு வரைபடத்தில்தான், யானை பல இடங்களில் இரு பக்கமும் நிற்கும். மாரிமழைக்குப் பின் புல்லும் கொடியும் கம்பியில் முட்டி மின்னழுத்தத்தை இறக்கிவிடும். பிறகு கட்டையைத் தள்ளிச் சாய்க்க யானைக்கு அதிக நேரம் தேவையில்லை.

வயல் வேலியைக் காலபோகத்தில் (மாரிகால நெற்செய்கையில்) விதைத்ததும் கமக்காரரே போட்டு, அறுவடை முடியக் கழற்றுவர்; வெறுவயலில் யானை மேயலாம். பின்னேரம் ஒருவர் கம்பியைச் சுற்றிப் பார்க்கவேண்டும். பராமரிப்புக்குக் கமக்காரர் கொடுக்கும் சந்தா நின்றால் வேலியும் படுத்துவிடும். என்றாலும் நெல்லுக்கு இதுவே மேல்.

எதுவானாலும் மின்சாரம் போவது எனர்ஜைசர் (மின்னைச் சிறு துடிப்புகளாக அனுப்பும் கருவி) வழியே, ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு துடிப்பு மட்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கொடுத்தால் ஆளும் சாகும்; அது சட்டவிரோதமும்கூட.